நூலுவின் காய்ச்சலும் ஒரு பூட்டும்

நாத்தனார் வாயிலிருந்து அண்ணியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை வந்தால், அதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்றுதான் கேட்பவர்கள் நினைப்பார்கள். நினைத்துக்கொள்ளட்டும். அவளோடு ஒரே கூரையின் கீழ் இத்தனை வருஷம் வேலை பார்த்தவள் நான். அவளைத் திட்டவும் எனக்கு உரிமை உண்டு, அவளைப் பற்றிச் சொல்லவும் உரிமை உண்டு.

என் அண்ணன் வைத்திருப்பது கார் சீட்டுகளுக்கு உறை தைக்கும் பட்டறை. தெருவைப் பார்த்த மாதிரி ஷட்டர், உள்ளே இரண்டு கனமான தையல் மெஷின்கள், சுவரோடு ஒரு நீள மேசை. ரெக்ஸின் சுருள்களும் பஞ்சுப் பலகைகளும் மாடி ஸ்டோர் ரூமில் இருக்கும். மேசையில் நின்று துணி வெட்டுவது நான், மெஷினில் உட்கார்ந்து தைப்பது அண்ணி. வீட்டுச் சண்டைகளிலும் இதே கதைதான். நான் வெட்டிவிட்டுப் போவேன், அவள் பின்னாலேயே வந்து தைத்துக்கொண்டிருப்பாள்.

அவளுக்கு வேலையில் ஒரு பிடிவாதம் உண்டு. தையல் ஓரம் ஒரு நூலளவு கோணினாலும் மொத்தத்தையும் பிரித்துவிட்டு மறுபடி தைப்பாள். "சீட்டுக்கு அடியில போற ஓரம் அண்ணி, அத எவன் குனிஞ்சு பாக்கப் போறான்?" என்று நான் கத்துவேன். "எனக்குத் தெரியுமில்ல" என்பாள். அவ்வளவுதான் பதில். இதனாலேயே பாதி வண்டிகள் சொன்ன தேதிக்குப் போகாது. வண்டிக்காரர்களிடம் பல்லை இளிப்பது என் அண்ணன் வேலை.

அவளுக்கு ஒரே தம்பி. அம்மா அப்பா போனபிறகு அண்ணிதான் அவனை வளர்த்தாள். கல்யாணமாகி வரும்போது சீதனம் மாதிரி அவனையும் கூட்டிக்கொண்டுதான் வந்தாள். ஆள் அவ்வளவு ஒல்லி என்பதால் பட்டறையில் எல்லோருக்கும் அவன் 'நூலு'. தைத்த உறையைச் சீட்டில் மாட்டி இழுத்துக் கட்டுவதற்கு அவனை விட்டால் ஆள் கிடையாது. அந்த ஒல்லிக் கைகள் சீட்டுக்கு அடியில் எந்தச் சந்துக்குள்ளும் போகும். என்னைக் 'கத்திரி அக்கா' என்று கூப்பிடுவான். என் கையில் இருப்பதைச் சொல்கிறானா, வாயில் இருப்பதைச் சொல்கிறானா என்று நான் கேட்டதில்லை.

அவன் எப்போது போதை ஊசி போட ஆரம்பித்தான் என்பது எங்களுக்குத் தெரியாது. தெரிந்தபோது அவன் முழங்கை மடிப்பு முழுக்கக் கறுத்துத் தழும்பேறியிருந்தது. நல்ல வெயிலிலும் அவன் ஏன் முழுக்கைச் சட்டை போடுகிறான் என்று கேட்க இத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அதன்பிறகு வழக்கமாக எல்லா வீட்டிலும் நடப்பதெல்லாம் எங்கள் வீட்டிலும் நடந்தது. சத்தியம் செய்வான், கொஞ்ச நாள் நன்றாக இருப்பான், மறுபடி காணாமல் போவான். ஒரு தடவை, வெளியே விடாமல் வைத்திருந்தபோது, நெஞ்சு வலிக்கிறது என்று தரையில் புரண்டான். அண்ணி அலறி அடித்து ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி வாசலில் இறக்கினாள். அவள் திரும்பி ஆட்டோக்காரரோடு பேசுவதற்குள் ஆள் ஓடிவிட்டான். அன்றைக்கு அவள் கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் வரவில்லை. முகம் மட்டும் கல்லாகிப் போயிருந்தது.

பிறகு ஒரு நாள் அவனாகவே வந்து அக்கா காலடியில் உட்கார்ந்தான். "என்னால வெளிய இருந்தா விட முடியாதுக்கா. மாடி ஸ்டோர் ரூம்ல போட்டுப் பூட்டு. நான் கத்துவேன், கெஞ்சுவேன், வாய்க்கு வந்தபடி பொய் சொல்வேன். காய்ச்சல்னு சொல்வேன், குளிருதுன்னு சொல்வேன், மூச்சு முட்டுதுன்னு சொல்வேன். எதையும் நம்பாத. நான் செத்தேன்னு சொன்னாக்கூட தொறக்காத" என்றான். அண்ணி அவன் தலையில் கைவைத்துச் சரி என்றாள்.

இதுதான் அந்தப் பாவி செய்த காரியம். வரப்போகிற நோயின் ஒவ்வொரு அடையாளத்தையும் பொய் என்று முன்கூட்டியே அவன் வாயாலேயே சொல்லி வைத்துவிட்டான்.

அந்தச் சமயம் நான் என் மகளின் பிரசவத்துக்காக வெளியூர் போயிருந்தேன். நான் இருந்திருந்தால் கதவைத் திறந்திருப்பேன் என்று இப்போது மார்தட்டிக்கொள்ளலாம். தட்டமாட்டேன். அங்கே நடந்ததெல்லாம் பின்னால் அண்ணி சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒரே மூச்சில் சொல்லவில்லை. மெஷினை ஓட்டிக்கொண்டிருப்பவள் சட்டென்று நிறுத்தி ஒரு வரி சொல்வாள். பிறகு ஓட்ட ஆரம்பிப்பாள்.

முதல் இரண்டு நாள் அவன் கதவை உதைத்தான், எங்கள் வம்சத்தையே திட்டினான். அதெல்லாம் அவள் எதிர்பார்த்ததுதான். ஜன்னல் கம்பி வழியாகச் சாப்பாடு கொடுத்தாள், மாற்றுத் துணி கொடுத்தாள். உள்ளே குளியலறை இருந்தது. பிறகு அவனுக்கு நடுக்கம் வந்தது. பல் அடித்துக்கொள்கிற சத்தம் வெளியே கேட்டதாம். உடம்பு நெருப்பாகக் கொதித்து, வேர்த்து நனைந்து, மறுபடி நடுங்கியிருக்கிறான். "அக்கா, இது ஊசிய விட்டதால வர்றது இல்லக்கா. வேற என்னமோ. பூட்டறதுக்கு முன்னாடியே காய்ச்சல் இருந்துச்சு, நான் சொல்லல" என்று கதவோடு வாயை வைத்துச் சொன்னான். அண்ணி கதவுக்கு இந்தப் பக்கம் படியில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, திறக்காமல் இருந்தாள். திறந்தால் தம்பி கெட்டுப்போவான் என்று நினைத்தாள். ஒரு வாரம் போனதும் அவன் கத்துவது நின்றது. சத்தம் அடங்கியதும் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "தெளிஞ்சுட்டான்" என்று என் அண்ணனிடம் போய்ச் சொன்னாள். பூட்டு மட்டும் இன்னும் இரண்டு நாள் இருக்கட்டும் என்று விட்டுவைத்து, எனக்குக்கூட போன் போட்டுச் சொன்னாள். அந்தச் சந்தோஷத்தைத்தான் அவளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

நான் ஊர் திரும்பிப் பட்டறைக்கு வந்த அன்று வெட்டுவதற்குக் கறுப்பு ரெக்ஸின் இல்லை. ஸ்டோர் சாவியைக் கேட்டேன். "நூலு தூங்கறான், அப்புறம் எடுத்துக்கலாம்" என்றாள். நான் கேட்கிற ஜென்மமா? மாடி ஏறினேன். உள்ளே ஒரு இருமல் கேட்டது. சளி இருமல் இல்லை. இருமும்போதே வலி தாங்காமல் பாதியில் விழுங்குகிற மாதிரி இருந்தது.

"அண்ணி, மரியாதையா சாவியக் குடுங்க" என்று பின்னாலேயே ஏறி வந்தவளிடம் கையை நீட்டினேன்.

கதவைத் திறந்தால், நூலு பஞ்சுப் பலகைகளுக்கு நடுவே சுருண்டு கிடந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. அவன் துடைத்துப் போட்டிருந்த துணியில் ரத்தம். அண்ணி அவன் நெற்றியைத் தொட்டாள். பிறகு தொட்ட கையை அப்படியே காற்றில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தை நான் அதற்குமேல் பார்க்கவில்லை. "நிக்காதீங்க, காலப் பிடிங்க" என்று கத்தினேன். நானும் அவளும் அண்ணனுமாகத் தூக்கி, உறை மாட்டக் காத்திருந்த ஒரு வாடிக்கையாளரின் வண்டியிலேயே கிடத்திக் கொண்டுபோனோம்.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா வந்து பார்த்தார். சின்ன வயசு, கம்மிய குரல், தூங்கி நாளான முகம். அவன் கையைத் திருப்பிப் பார்த்ததுமே அவருக்குப் பாதி விஷயம் தெரிந்துவிட்டது.

"எத்தன நாளா காய்ச்சல்?"

"ரெண்டு நாளா" என்றாள் அண்ணி.

நான் திரும்பி அவளைப் பார்த்தேன். தைத்த ஓரம் நூலளவு கோணினால் பிரிக்கிறவள், டாக்டர் முன்னால் கண் இமைக்காமல் பொய் சொல்லிக்கொண்டு நிற்கிறாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அங்கேயே போட்டு உடைத்திருப்பேன். ஆனால் அவள் கைவிரல்கள் என் முழங்கையைப் பிடித்திருந்த பிடியில் நகம் பதிந்து எரிந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சைப் படம் பிடித்தார்கள், இதயத்தை ஸ்கேன் செய்தார்கள். மறுநாள் டாக்டரம்மா எங்களை உட்காரவைத்துச் சொன்னார். "இதயத்துக்குள்ள ரத்தம் பின்னால திரும்பிடாம இருக்க வால்வுன்னு மெல்லிசா மடிப்பு மடிப்பா இருக்கும். ஊசி குத்தும்போது தோல்ல இருக்கற கிருமி நேரா ரத்தத்துல போயிடுது. போயி அந்த மடிப்புல ஒட்டிக்கிட்டு கட்டியா வளருது. அந்தக் கட்டி பிஞ்சு பிஞ்சு நுரையீரலுக்குப் போயிருக்கு. அதான் இருமல், அதான் ரத்தம். ஊசி போடறவங்களுக்கு இது வர்றது புதுசு இல்ல. காய்ச்சல், நடுக்கம், வேர்வை, இதெல்லாம் ஊசிய நிறுத்தினாலும் வரும், இதுலயும் வரும். அதனால நிறைய பேரு ஏமாந்துடறாங்க." பிறகு அண்ணியைப் பார்த்து, "ஆனா இது ரெண்டு நாள்ல வளர்ற சமாச்சாரம் இல்லம்மா" என்றார்.

டாக்டரம்மா எழுந்து போனார். அவர் தாழ்வாரத்தின் கோடிக்குப் போயிருப்பார், அண்ணி செருப்பை விட்டுவிட்டு அவர் பின்னால் ஓடினாள். நானும் ஓடினேன். மருந்துத் தள்ளுவண்டிக்கும் சுவருக்கும் நடுவே டாக்டரை மறித்து நிறுத்தி, பத்து பேர் பார்க்கிறார்கள் என்றும் பாராமல் சொன்னாள்.

"நான்தான் பூட்டி வச்சேன். ஒரு வாரத்துக்கு மேல. காய்ச்சல்னு சொன்னான், நம்பல. கதவுகிட்டயே ஒக்காந்துகிட்டு நம்பல."

டாக்டரம்மா அவளைத் திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. அதற்காக எனக்கு அவரைப் பிடித்துப்போனது. "முன்னாடியே வந்திருந்தா நுரையீரலக் காப்பாத்தியிருக்கலாம். அது உண்மைதான். இப்பவும் ஆளு இருக்காரு, அதுவும் உண்மைதான். இனிமே எங்கிட்ட எதையும் மறைக்காதீங்க" என்றார்.

ஆறு வாரம் ரத்தக்குழாய் வழியாக மருந்து ஏற்ற வேண்டும், ஒரு நாள்கூட விடக்கூடாது என்றார்கள். ஊசியைப் பகிர்ந்துகொண்டானா என்று கேட்டு ஹெச்.ஐ.வி. பரிசோதனையும் செய்தார்கள். அது இருந்தால் உடம்புக்கு எதிர்த்து நிற்கும் சக்தி இன்னும் குறையுமாம். இல்லை என்று வந்தது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அண்ணி அதற்கு நிம்மதிப்படக்கூட வெட்கப்பட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

அப்போதிலிருந்து அவளுக்குப் பூட்டு என்றாலே ஆகாமல் போனது. பட்டறை ஷட்டரை அவள் பூட்டமாட்டாள், அண்ணன் வந்துதான் பூட்ட வேண்டும். குளியலறைக்குத் தாழ்ப்பாள் போடமாட்டாள். "அண்ணி, யாராவது உள்ள வந்து தொலைக்கப் போறாங்க" என்று நான் கேலி செய்தேன். சிரிக்கவில்லை. தையல் வேலையும் கெட்டது. ஓரம் கோணியதைப் பிரிக்காமல் அப்படியே அனுப்பினாள். அந்தப் பிடிவாதத்தை இத்தனை காலம் திட்டியவள் நான்தான், அது போனபோது தேடியதும் நான்தான்.

ஆஸ்பத்திரியில் நூலு என்ன கேட்டாலும் செய்தாள். தலையணை சரியில்லை என்றால் மாற்றுவாள். சாப்பாடு பிடிக்கவில்லை என்றால் வீட்டுக்கு ஓடி வேறு சமைத்துக்கொண்டு வருவாள். எரிந்து விழுந்தால் தலையைக் குனிந்துகொள்வாள். "ராஜா வீட்டுப் பிள்ளைக்குக்கூட இவ்வளவு நடக்காது" என்று நான் முணுமுணுத்தேன். ஊதாரித் தம்பிக்கு அக்கா கடன்பட்டவள் மாதிரி நடந்துகொள்வதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

மூன்றாவது வாரத்தில் காய்ச்சல் விட்டது, முகத்தில் ரத்தம் ஊறியது, இருமல் குறைந்தது. கூடவே பழைய ஆசையும் எழுந்து உட்கார்ந்தது. கட்டிலில் காலை ஆட்டிக்கொண்டே இருப்பான். கண் நிலைகொள்ளாது. ஒரு மத்தியானம் அண்ணி பழம் உரித்துக்கொண்டிருந்தபோது ஆரம்பித்தான்.

"எனக்குச் சரியாயிடுச்சு. வீட்டுக்குப் போலாம். கூட இருக்கறவங்க கையெழுத்துப் போட்டா விட்ருவாங்களாம். போடு."

"டாக்டர் இன்னும் நாள் இருக்குன்னு…"

"எனக்கு மூச்சு முட்டுதுக்கா இங்க."

அண்ணி பழத்தைக் கீழே வைத்தாள். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்.

"அன்னிக்கும் இப்படித்தான் கெஞ்சினேன். தொறக்கல. இன்னிக்காவது வெளிய விடு."

எங்கே அடித்தால் வலிக்கும் என்று தெரிந்து அடித்தான். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "டேய், நன்றி கெட்டவனே" என்று நான் எழுவதற்குள், அண்ணி எழுந்து பையில் அவன் சட்டையை எடுத்து வைக்க ஆரம்பித்துவிட்டாள். நான் பையைப் பிடுங்கினேன். "உங்களுக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சா அண்ணி?" அவள் என்னிடம் சண்டைக்குக்கூட வரவில்லை. பையை விட்டுவிட்டு வெறுங்கையோடு நர்ஸ்கள் இருந்த மேசையைப் பார்த்து நடந்தாள்.

அங்கே டாக்டரம்மா நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். அண்ணி பேனாவைக் கேட்கப் போகிறாள் என்று நான் பின்னாலேயே போனேன். அவள் பேனாவைக் கேட்கவில்லை.

"இப்ப கூட்டிட்டுப் போனா என்ன ஆகும்?"

"வெளிய காய்ச்சல் இல்ல. உள்ள கிருமி இன்னும் இருக்கு. பாதியில நிறுத்தினா மறுபடி வளரும், முன்னவிட மோசமா. அப்புறம் வால்வையே அறுத்து மாத்தணும். அதுக்கு உடம்பு தாங்குமான்னு தெரியாது."

"அவன் கெஞ்சறான் டாக்டர். என்னால கேக்க முடியல. போன தடவையும் கெஞ்சினான். நான் எது செஞ்சாலும் தப்பா போகுது. எது நெஜம், எது பொய்யின்னு எனக்குத் தெரியவே மாட்டேங்குது."

டாக்டரம்மா டீயைக் கீழே வைத்தார். "அத நீங்க தனியா கண்டுபிடிக்க வேணாம். ஊசி ஆசை வந்துடுச்சா அவருக்கு? அத மொதல்லயே கேக்காம விட்டது எங்க மேல தப்பு. அதுக்கு மருந்து இருக்கு, நாக்குக்கு அடியில வைக்கற மாத்திரை. இன்னிக்கே ஆரம்பிக்கலாம். ஆனா அவரு வெளிய போயிட்டா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

அண்ணி திரும்பிப் போய்க் கட்டில் பக்கத்தில் நின்றாள். உட்காரவில்லை.

"போட மாட்டேன்" என்றாள்.

அவன் சொன்னதை எல்லாம் நான் இங்கே எழுதப் போவதில்லை. பெற்றவர்களை இழுத்தான், குழந்தையில்லாதவள் என்று சொல்லிக் காட்டினான், என்னைக் கொல்லத்தான் பூட்டினாய் என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினான். பக்கத்துக் கட்டில் பெரியவர் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டார். அண்ணி நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. கண்ணீர் ஓடியது, துடைக்கவில்லை. அவன் கத்தி ஓய்ந்தபிறகு நர்ஸ் வந்து நாக்குக்கு அடியில் மாத்திரையை வைத்தார். அவனும் வாயைத் திறந்தான், அவ்வளவு களைத்திருந்தான்.

அந்த மாத்திரை வேலை செய்தது. நாலைந்து நாளில் கால் ஆடுவது நின்றது. ஆறு வாரமும் இருந்தான். வால்வு கொஞ்சம் ஒழுகத்தான் செய்கிறது, ஆனால் அறுக்க வேண்டியதில்லை என்றார்கள். "மறுபடி காய்ச்சல் வந்தா, சாதாரணக் காய்ச்சல்னு நெனைக்காம ஓடி வரணும். ஒரு தடவ வந்த வால்வுல திரும்ப வர்றது சுலபம்" என்று சொல்லி டாக்டரம்மா அனுப்பி வைத்தார்.

ஆனால் அவன் அக்காவோடு பேசுவதை நிறுத்திவிட்டான். வீட்டுக்கு வந்து ஒரு மாதம் போல இருந்தான். என்னிடம் பேசினான், மாமா மாமா என்று என் அண்ணனிடம் சிரித்துப் பேசினான், அவள் தட்டில் போட்டதைத் தின்றான், அவளிடம் மட்டும் ஒரு சொல் இல்லை. பிறகு ஒரு தூரத்து ஊரில் சோபா தைக்கும் கடையில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அண்ணன் போனுக்கு அவ்வப்போது கூப்பிடுவான். அண்ணி மெஷினை நிறுத்திவிட்டு, பேச்சைக் கேட்கிற மாதிரிக் காட்டிக்கொள்ளாமல் கேட்பாள். போனை வைத்ததும், "இருமினானா?" என்று அண்ணனிடம் கேட்பாள். வேறு ஒன்றும் கேட்கமாட்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "காப்பாத்தினதும் நீங்க, திட்டு வாங்கறதும் நீங்களா? நான் நாலு வார்த்த நறுக்குன்னு கேக்கறேன் அவன" என்று ஒரு நாள் குதித்தேன்.

"விடு" என்றாள். "அவன் சொன்னதுல என்ன பொய்? கெஞ்சினான், நான் தொறக்கல. உசுரோட இருந்து என்ன வெறுக்கட்டும். எனக்கு அது போதும்."

போதவில்லை என்பது அவள் கண்ணிலேயே தெரிந்தது. நான் கத்திரியை எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனேன்.

அடுத்த வருஷம், ஒரு முற்பகல். அண்ணன் ஒரு காருக்குள் தலைகீழாகப் படுத்து உறையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். அவன் போன் என் மேசைமேல் அடித்தது. நான் எடுத்தேன்.

"மாமா இல்லையா?" நூலுவின் குரல்தான், ஆனால் சொல் சொல்லாகத் தெறித்தது.

"கைவேலையா இருக்காருடா. என்ன விஷயம்?"

அந்தப் பக்கம் பல் அடித்துக்கொள்கிற சத்தம் கேட்டது.

"அக்காகிட்ட குடு, கத்திரி அக்கா."

நான் போனை நீட்டினேன். யார் என்று அவள் கேட்கவில்லை. நான் நீட்டிய விதத்திலேயே தெரிந்துகொண்டாள். காதில் வைத்தாள். பட்டறையில் மெஷின்கள் நின்றிருந்ததால் அவன் பேசியது எனக்கும் கேட்டது.

"அக்கா… குளிருதுக்கா. நேத்துலேர்ந்து. வேற யாருகிட்ட சொன்னாலும் நம்ப மாட்டாங்க. சத்தியமா பொய் இல்லக்கா."

மறுபடி ஊசியைத் தொட்டானா என்று அவள் கேட்பாள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பேன்.

"பொய்யா இருந்தாலும் பரவால்லடா, வரேன்" என்றாள். "பக்கத்துல யாரு இருக்காங்க? அவங்ககிட்ட போனக் குடு. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும், நான் வர்ற வரைக்கும் காத்திருக்கக் கூடாது."